கண்டற்காடும் கூட்டாய்வும்
(பொழிவின் எழுத்து வடிவம்)



'நிலைத்து நிற்கும் வட்டாரத் திட்டமும் ஆய்வுக் கூட்டுறவும்' என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றனர். இத்தலைப்பைச் சுவரொட்டியில் கண்டவுடன், 'இஃது அலுவலர்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய செய்தி. மொழி மானம் காக்கக் கூடிய நமக்கு இதில் என்ன வேலை?' என்று எண்ணிய அன்பர்கள் இவ்வவையில் சிலரேனும் இருப்பர். அவர்கள் எழுந்து போகாமல் அமர்ந்திருப்பதற்கு முதற்கண் நன்றி.

வட்டாரத் திட்டம் என்பது வேறொன்றுமன்று. எந்த ஏரியைத் தூர்ப்பது, எந்த ஆற்றில் மணல் அள்ளுவது, எந்தக் கரையில் துறைமுகம் கட்டுவது, எந்தக் காட்டுக்கு வேலி இடுவது என்று முடிவு செய்வதே அது. அம்முடிவு ஓர் அறிவின்மேல் நிற்கிறது. அவ்வறிவைத் தேடியவர் யார், யாரைக் கேட்டுத் தேடினார், எம்மொழியில் எழுதி வைத்தார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்தால், அத்திட்டம் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதைச் சோதிடம் பாராமலே சொல்லிவிடலாம். பொதுவாகப் பேசிப் போவதில் எனக்கு விருப்பமில்லை. ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். அது பிச்சாவரம்.

வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்திற்கும் கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்திற்கும் நடுவே, ஆயிரம் எக்டருக்கு மேற்பட்ட பரப்பில், கழிகளும் திட்டுகளுமாக அமைந்த காடு அது. படகேறிச் சென்று பார்த்தோர் பலர் இங்கிருப்பீர்கள். ஊன்றுவேர் விட்டு நிற்பது சுரபுன்னை. சேற்றிலிருந்து மேல்நோக்கி மூச்சுவேர் நீட்டுவது வெண்கண்டல். பால்பட்டால் கண்ணைக் கெடுப்பது தில்லை. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் இதுவே. இன்று ஊருக்குள் அம்மரத்தைத் தேடுவது வீண். காண வேண்டுமாயின் கிழக்கே இக்கழிக்கரைக்குத்தான் வர வேண்டும். கண்டலைத் தன் ஊரின் வேலியாகக் கண்ட நெய்தற் பாடல்கள் நற்றிணையில் உள்ளன. ஆக, இக்காட்டைப் பற்றிய முதல் அறிவு தமிழில்தான் பதிவாயிற்று. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் இது தேவைப்படும்.

வெள்ளையர் ஆட்சியில் இக்காட்டிற்கு ஒரு திட்டம் தீட்டப்பட்டது. காட்டைக் கூறு கூறாகப் பிரிப்பது, ஒவ்வொரு கூற்றையும் முறை வைத்து முற்றாக வெட்டி விற்பது, வெட்டிய இடம் இருபது முப்பது ஆண்டுகளில் தானே வளர்ந்துவிடும், மீண்டும் வெட்டலாம். கணக்கில் எவ்வளவு அழகான திட்டம்! மேட்டு நிலக் காடுகளுக்கு வகுத்த கணக்கை உப்பங்கழிக் காட்டிற்கும் அப்படியே பொருத்தினர். விடுதலைக்குப் பின்னும் அம்முறை தொடர்ந்தது, 1970-களில்தான் நின்றது. திட்டம் போட்டவர் போய்விட்டார். திட்டம் மட்டும் போகவில்லை. நம் நாட்டில் இது புதிதன்று.

வெட்டிய இடங்கள் வளரவில்லை. காட்டின் நடுவே வெட்ட வெளிகள் தோன்றின; அவற்றில் உப்பைத் தாங்கும் உமரி ஒன்றே படர்ந்தது. 'ஏன் வளரவில்லை?' என்று கேட்டபோது அலுவலகங்களில் ஆயத்தமாக ஒரு விடை இருந்தது: 'ஊரார் விறகுக்கு வெட்டுகின்றனர், மாடு மேய்க்கின்றனர்.' இவ்விடையில் ஒரு வசதி உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு அக்குற்றச்சாட்டைப் படிக்கவும் தெரியாது. மறுத்து எழுதவும் தெரியாது. கழியில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்த இருளர்களும், கரையோர மீனவரும், சிறு உழவரும் காட்டின் பகைவராக ஏட்டில் ஏறினர்.

1990-களின் முற்பகுதியில் நிலைமை மாறத் தொடங்கிற்று. 1988-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து இவ்வெட்ட வெளிகளை ஆராய்ந்தது. அவர்கள் கண்டதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இதில்தான் கூட்டாய்வின் உயிர் இருக்கிறது.

கழியின் விளிம்பில் மரங்கள் செழித்து நிற்கின்றன. கழியிலிருந்து உள்ளே போகப் போகப் பட்டுப் போகின்றன. விறகு வெட்டுபவன் எங்கே வெட்டுவான்? படகு நிற்கும் விளிம்பில்தானே எளிதாக வெட்டுவான்? விளிம்பு செழித்து நடு அழிந்திருக்கிறதென்றால் ஊராரின் கோடரியை முதற் குற்றவாளி ஆக்குவது பொருந்தவில்லை. அப்படியானால் வேறு கரணியம் வேண்டும். நிலமட்டத்தை அளந்தனர், மண்ணின் உப்பை அளந்தனர். கூறு வைத்து வெட்டிய இடங்களில் நிழல் போயிற்று; வெயில் நேரே சேற்றில் விழுந்தது; ஈரம் வற்ற வற்ற மண் அமிழ்ந்தது. அமிழ்ந்த நிலம் தொட்டி போலாயிற்று. பெரிய ஓதத்தின்போது உள்ளே புகுந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கிற்று. இக்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே மிகச் சிறிது. ஆகையால் தேங்கியதை அலசி வெளியேற்றும் வலிமை கடலுக்கும் இல்லை. தேங்கிய நீர் வெயிலில் ஆவியாயிற்று; உப்பு மட்டும் தங்கிற்று. ஆண்டுக்கு ஆண்டு உப்பு ஏற ஏற, அங்கு விழுந்த வித்தெல்லாம் முளைக்க முடியாமல் மடிந்தது. காட்டை அழித்ததில் முதற் பங்கு ஊரார்க்கன்று, திட்டத்திற்கே!

கரணியம் தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. தொட்டிக்கு வடிகால் வெட்ட வேண்டும். நடுவே ஒரு பெருவாய்க்கால். அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள்ளைப் போலிருக்கும். ஓதம் வரும்போது நீர் உள்ளே வரும். வற்றும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். வாய்க்காற் கரைகளில் கண்டல் வித்துகளை ஊன்றினர். மரம் வந்தது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பதினைந்து ஆண்டுகளில் பிச்சாவரத்தில் கண்டற் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதாகக் கணக்கிட்டது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். வனத்துறையிடம் நிலமும் ஆணையும் இருந்தன. எந்தக் கூறு எப்போது வெட்டப்பட்டது என்னும் ஏடும் இருந்தது. ஆய்வாளரிடம் உப்பளக்கும் கருவியும் வானிலிருந்து எடுத்த படமும் இருந்தன. ஓதம் எத்திங்களில் எவ்வளவு ஏறும், எக்கழி எப்போது தூர்ந்தது, எவ்விடத்தில் கால் புதையும், எவ்விடத்தில் நிலம் தாங்கும் என்பது ஊராரிடம் இருந்தது. இச்செய்திகள் ஏட்டில் இருப்பதைவிட ஊர் நினைவில் தெளிவாக இருக்கும். இம்மூவரில் எவர் தனித்து நின்றாலும் இவ்வேலை நடந்திராது. துறை தனித்து நின்றபோது என்ன நடந்தது என்பதைப் பார்த்தோம். ஆய்வாளர் தனித்து நின்றிருந்தால் ஒரு நல்ல கட்டுரை கிடைத்திருக்கும், வாய்க்கால் கிடைத்திராது. ஊரார் தனித்து நின்றிருந்தால் மண்வெட்டியோடு காட்டுக்குள் நுழைந்ததற்கே வழக்குப் பதிவாகியிருக்கும்!

1996 முதல் இந்திய-கனடா சுற்றுச்சூழல் நிதியின் உதவியோடு இவ்வேலை தமிழகம், ஆந்திரம், ஒடிசா ஆகிய மூன்று கரைகளிலும் விரிந்தது. ஊர்தோறும் மன்றங்கள் அமைந்தன. மன்றமும் துறையும் நிறுவனமும் ஒன்றாக அமர்ந்து ஊர்த்திட்டம் வகுத்தன. அத்திட்டத்தில் காட்டின் தேவை மட்டுமன்று, ஊரின் தேவையும் எழுதப்பட்டது. ம.கோ.இரா. நகர் இருளர்கள் பழங்குடியினர் என்னும் சான்றுகூட இன்றி இருந்தவர்கள். சான்றும் வீடும் பள்ளியும் படகும் வலையும் அவர்களுடைய பட்டியலில் இருந்தன. 'கண்டல் நடுவதற்கும் பழங்குடிச் சான்றுக்கும் என்ன தொடர்பு?' என்று எந்த வேதியியல் நூலிலும் விடை இராது. ஆனால் நாளெல்லாம் கழியில் நின்று கையால் இறால் தடவுபவனை, நாளை வளரப்போகும் மரத்திற்குக் காவல் நில் என்று எந்த முகத்தோடு கேட்பது? அவன் வாழ வழி செய்வது திட்டத்தின் ஓர் உறுப்பு; அருளறம் அன்று.

2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. கடலை நேரே நோக்கிய மணல்திட்டில் அமைந்த ம.கோ.இரா. திட்டு பேரழிவுக்குள்ளாயிற்று. கண்டற்காட்டின் பின்னே இருந்த சிற்றூர்கள் பெரும்பாலும் தப்பின. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை ஆய்வு நடுவத்தைச் சேர்ந்த பேராசிரியர் கதிரேசனும் இராசேந்திரனும் இக்கரையின் 18 குப்பங்களை ஆராய்ந்து, காடு காத்தது என்று 2005-இல் எழுதினர். நாம் உடனே கைதட்டினோம். ஆனால் 2006-இல் வேறு ஆய்வாளர் சிலர் அதே கணக்குகளை மீண்டும் போட்டு, அவ்வூர்கள் தப்பியதற்குக் கடலிலிருந்து விலகி இருந்ததும் மேட்டில் இருந்ததுமே கரணியமாகலாம் என மறுத்தனர். சொற்போர் நடந்தது. இதனை நான் மறைக்காமல் சொல்வதற்குக் கரணியம் உண்டு. ஆய்வு என்பது வாழ்த்துப்பா அன்று. நமக்கு உவப்பான முடிவையும் அது உரைத்துப் பார்க்கும். காட்டை நம்பிக் கடல் விளிம்பில் குடியமர்த்தலாம் என்று ஒருவர் திட்டம் போட்டால், அம்மறுப்பு நூறு உயிரைக் காக்கக் கூடும். எம்முடிவு சரி என்பதைக் காட்டிலும், இரு திறத்தாரும் கணக்கை வெளிப்படையாக வைத்து மோதினர் என்பதே திட்டமிடுவோர்க்குப் பயன்.

ஆய்வின்றி வந்த திட்டம் எப்படி இருக்கும் என்பதற்கும் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் நம் கிழக்குக் கரையெங்கும் இறால் பண்ணைகள் முளைத்தன. ஏற்றுமதி, வெளிநாட்டுப் பணம், வேலை என்றனர். நன்செய் உப்பானது; குடிநீர்க் கிணறு உப்பானது. காந்திய நெறியாளர் எசு. செகந்நாதன் தொடுத்த வழக்கில், உச்சமுறைமன்றத்தின் ஆணைப்படி வல்லுநர் குழு வந்து கரையை ஆராய்ந்த பின்னரே, 1996 திசம்பர் 11-இல் மரபுவழிப் பண்ணைகள் தவிர்த்த பிறவற்றைக் கடலோர ஒழுங்குமண்டலத்திலிருந்து அகற்றுமாறு தீர்ப்பு வந்தது. முதலில் பணம், பின்னர் அழிவு, அதற்குப் பின்னர் வழக்கு, வழக்கிற்காக ஆய்வு! 2005-இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றி இறால் பண்ணைகளுக்கு மீண்டும் இடமளித்தது வேறு கதை.

இனி, 'வட்டாரம்' என்னும் சொல்லுக்கு வருகிறேன். வட்டாரத்தின் எல்லை எது? வருவாய்த்துறையின் கோடா? கொள்ளிடத்தின் வடகரை கடலூர் மாவட்டம். தென்கரை நெடுங்காலம் நாகப்பட்டினத்தைச் சேர்ந்திருந்தது. 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டம். ஆனால் கண்டலுக்கு மாவட்ட ஆட்சியர் எத்தனை பேர் என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது நன்னீரும் உப்புநீரும் கலக்கும் அளவு ஒன்றே. அவ்வளவோ மேட்டூரிலும் கீழணையிலும் வீராணத்திலும் தீர்மானமாகிறது. மேலே நீர் குறைந்தால் கழியில் உப்பு ஏறுகிறது. ஆற்றில் மணலை அள்ளிப் பள்ளமாக்கினால் கடல்நீர் ஆற்றின் வழியே உள்ளே ஏறுகிறது. ஆகவே பிச்சாவரத்திற்குப் பிச்சாவரத்தில் மட்டும் திட்டமிட முடியாது. பொதுப்பணித்துறை, நீர்வளத்துறை, வேளாண்துறை, மீன்வளத்துறை, வனத்துறை என்று ஆளுக்கொரு துண்டாக நறுக்கி வைத்திருக்கும் நிலத்தை ஒன்றாகப் பார்க்கும் கண் எந்தத் துறைக்கும் தனியே இல்லை. அவர்களை ஒரு மேசைக்கு அழைத்து, ஒரே படத்தை விரித்து வைக்க வல்லது பல்கலைக்கழகம் போன்ற நடுநிலை நிறுவனமே. சிதம்பரத்திலேயே 1929 முதல் ஒரு பல்கலைக்கழகம் நிற்கிறது. அதன் மாணவர் எத்தனை பேர் தம் பட்ட ஆய்வுக்குத் தம் வட்டாரத்தின் வாய்க்காலை எடுத்துக்கொள்கின்றனர்?

இப்போது மொழிக்கு வருகிறேன். வராமல் போவேன் என்று எண்ணினீர்களா?

நான் சொன்ன ஆய்வுகள் அனைத்தும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் எழுதியதை நான் பழிக்கவில்லை. உலக அறிஞர் உரைத்துப் பார்க்க அது வேண்டும். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், மூவர் கூட்டில் ஒருவர் ஊமையாகிறார். வாய்க்கால் வெட்டிய கைக்கு, வாய்க்கால் பற்றிய அறிக்கை எட்டவில்லை. ஓர் ஊரில் வெளியிலிருந்து வந்தோர் வினாப்பட்டியலோடு மூன்று நாள் தங்குவர், முதியோர் பொறுமையாக எல்லாம் சொல்வர், பின்னர் ஒரு தாளில் கைந்நாட்டு, அவ்வளவே. அவ்வூரார் சொன்னது நூலாகி, நூலகத்தில் உறங்கும். அடுத்த ஐந்தாண்டில் வேறொரு குழு அதே வினாப்பட்டியலோடு வரும். இதற்குக் கூட்டாய்வு என்று பெயர் வைத்தால் கறவை மாடும் பால்காரனும் கூட்டாளிகள் என்றாகும்.

2020-இல் இந்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. எம்மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! கடலூர்க் கரையின் மீனவரும் கருத்துச் சொல்லலாம். ஆனால் என்னவென்று படிக்க முடியாது. அவ்வாண்டு சூன் 30-இல் தில்லி உயர்முறைமன்றம், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வரைவை மொழிபெயர்க்குமாறு ஆணையிட்டது. அதனை ஏற்று நிறைவேற்றாமல் இந்திய அரசு உச்சமுறைமன்றத்திற்குப் போயிற்று. மொழிபெயர்ப்பதை எதிர்த்து வழக்காடும் அரசு, மக்களைக் கேட்டுத் திட்டமிடுகிறது என்பதை எவ்வாறு நம்புவது?

அண்டை மாநிலமாகிய கேரளத்தைப் பாருங்கள். 1962-இல் தோன்றிய கேரள சாத்திர சாகித்தியப் பரிசத்து, அறிவியலை மலையாளத்தில் எழுதுவதையே முதல் வேலையாகக் கொண்டது. பெயரில் வடமொழி இருக்கிறதே என்று நம் இளைஞர் முகம் சுளிக்க வேண்டா, செயலைப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் அவ்வியக்கத்தாரும் திருவனந்தபுரம் நிலவறிவியல் ஆய்வு நடுவத்தாரும் சேர்ந்து, ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சியளித்து, ஊராட்சிகளின் மண், நீர், நிலப் பயன் ஆகியவற்றைப் படமாக வரைந்தனர். 1996-இல் அம்மாநில அரசு, திட்டப் பணத்தில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குத் தந்து மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது, ஊர்தோறும் தம் மொழியில் நிலத்தைப் படிக்கத் தெரிந்தவர் இருந்தனர். குறைகள் அங்கும் உண்டு. எனினும் தாய்மொழியில் திட்டம் தீட்ட முடியுமா என்று நம்மவர் கேட்டுக்கொண்டிருந்த நாளில், அவர்கள் தீட்டிக்கொண்டிருந்தனர்.

நம்மிடம் சொல் இல்லையா? ஓதம், கழி, கழிமுகம், கானல், திட்டு, படுகை, எக்கல், உவர், களர், அளம் என்று கடலும் நிலமும் கலக்கும் இடத்திற்கே எத்தனை சொற்கள்! கலைச்சொல் இல்லை என்று சொல்லும் பேராசிரியர், கழியில் தோணி தள்ளும் கிழவரிடம் ஒரு நாள் போய் அமரட்டும். அவர் ஒவ்வொரு வகைச் சேற்றிற்கும் ஒரு பெயர் சொல்வார். அப்பெயர்கள் வெறும் பெயர்களல்ல. எவ்விடத்தில் எது வளரும் என்னும் அறிவு அவற்றில் அடங்கியிருக்கிறது. அக்கிழவரோடு அச்சொல் போனால், அதற்குள் இருந்த அறிவும் போகும். இங்கே சொற்காப்பும் காடுகாப்பும் ஒரே வேலை.

ஒன்றை மட்டும் சொல்லி அமைகிறேன். மீன்முள் வாய்க்கால் ஒரு முறை வெட்டினால் என்றும் நிற்பதன்று. ஒவ்வோர் ஓதமும் எக்கலைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சில ஆண்டுக்கு ஒரு முறை தூர் எடுக்க வேண்டும். வெளிப்பணம் இருக்கும்வரை எடுப்பார்கள். பணம் முடிந்தபின் யார் எடுப்பது? 2022-இல் பிச்சாவரம் உலக மதிப்புடைய ஈரநிலம் என்று இராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் பெயர் இருப்பதால் தூர் தானே போகாது. புதிய மேலாண்மைத் திட்டங்கள் எழுதப்படும்போது, அவற்றில் தூர் எடுக்கும் பொறுப்பும் பணமும் ஊர் மன்றத்தின் பெயரில் இருக்கின்றனவா, அத்திட்டத்தின் தமிழ்ப்படி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறதா, உப்பளவு பற்றிய கணக்கு ஆண்டுதோறும் தமிழில் ஊர்ப்பலகையில் எழுதப்படுகிறதா என்று கேட்க வேண்டியவர்கள் நாம். கடலூர், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் தோழர்கள் ஊருக்குத் திரும்பியதும் தத்தம் ஊராட்சியில் இம்மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வரும் விடை எதுவாயினும், விடையே வராவிடினும், அடுத்த திங்கள் கூட்டத்தில் அதனைப் படிப்போம்.

இனி உங்கள் வினாக்களைக் கேட்கிறேன்.